கண்ணாடி மேல் சவ்வு விரித்தேன், புரதம் அசைய மாட்டேன் என்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | செவ்வாய் இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

பிஓபிசி என்ற லிப்பிடை (செல் சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு) எடுத்து, 100 நேனோமீட்டர் துளை வழியாக எக்ஸ்ட்ரூடரில் 11 தடவை தள்ளி, சிறு குமிழ்களாக்கி, சுத்தம் செய்த கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் தகடு) மேல் 20 நிமிடம் விட்டுக் கழுவினேன். சிவப்பாக ஒளிரும் ரோடமின் ஒட்டிய லிப்பிட் 1 சதவீதம். ஃபிராப் (ஒரு புள்ளியை லேசரால் கருக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது) செய்தபோது லேசரால் கருக்கிய புள்ளி ஒரு நிமிடத்துக்குள் ஏறக்குறைய முழுதாக நிறைந்துவிட்டது. சவ்வு, அதாவது லிப்பிட் இரட்டையடுக்கு, ஓடுகிறது, சந்தோஷம்.

அடுத்து புரதம். ஒரு பாக்டீரியாவின் ஏபிசி டிரான்ஸ்போர்ட்டர் (செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைத்துப் பொருள்களைச் சவ்வு தாண்டிக் கடத்தும் புரதம்), வாலில் ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதம். டிடிஎம் டிடர்ஜென்டில் சுத்திகரித்து, பிஓபிசி குமிழ்களில் ஏற்றி, பாலிஸ்டைரீன் மணிகள் போட்டு டிடர்ஜென்டை எடுத்துவிட்டு அதே மாதிரி கவர்ஸ்லிப் மேல் விட்டேன். பச்சை அழகாகப் பரவியிருக்கிறது. ஆனால் ஃபிராப் செய்தால் கருக்கிய புள்ளி பத்து நிமிடம் ஆனாலும் கருப்பாகவே நிற்கிறது.

"புரதம் செத்துவிட்டது, புதிதாகச் செய்" என்கிறார் வழிகாட்டி. எனக்கு என்னவோ அது சாகவில்லை, எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

---

மேசைமலை | கேப்டவுன் | செவ்வாய் இரவு 11.15

சாகவில்லை தம்பி. கால் தரையில் ஊன்றி நிற்கிறது.

இரட்டையடுக்கு கண்ணாடியில் நேராக ஒட்டுவதில்லை. நடுவே 1 முதல் 2 நேனோமீட்டர் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் இருப்பதால்தான் லிப்பிட் வழுக்கி ஓடுகிறது. உன் ஏபிசி டிரான்ஸ்போர்ட்டரில் ஏடிபி பிடிக்கும் பகுதிகள் சவ்வுக்கு வெளியே 5 நேனோமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே ஜிஎஃப்பி, காலுக்கு பூட்ஸ் மாட்டிய மாதிரி. 2 நேனோமீட்டர் இடுக்கில் அது எங்கே போகும்? கண்ணாடியில் உரசி ஒட்டிக்கொள்ளும்.

இது புது வியாதி இல்லை. பிரையனும் மெக்கானலும் 1984இல் கண்ணாடி மேல் குமிழ்களை உடைத்துச் சவ்வு விரித்துக் காட்டினார்கள். மறு வருடம் டாம், மெக்கானல் இருவரும் லிப்பிட் ஓடுவதை அளந்து எழுதினார்கள். அன்றிலிருந்தே எல்லாரையும் படுத்தும் சங்கதிதான் இது. கண்ணாடிக்கும் சவ்வுக்கும் நடுவே பெக் என்ற பாலிமரால் ஒரு மெத்தை போடு, சரியாகிவிடும்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சாட்ஸ்வொர்த் | புதன் காலை 6.20

இந்தத் தளத்தில் தமிழ் படிக்க வருகிறவன் நான். தம்பி எழுதியதில் "வணக்கம்" மட்டும்தான் புரிந்தது. சவ்வை எதற்குக் கண்ணாடியில் விரிக்க வேண்டும்? செல்லிலேயே இருக்கிறதே, அங்கேயே பார்த்தால் என்ன? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | புதன் காலை 7.05

ஐயா, நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே பலர் பிஎச்.டி. முடித்துவிடுகிறார்கள்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு மொத்தமே 4, 5 நேனோமீட்டர். ஒரு ரேண்ட் காசின் தடிமனில் இப்படிப்பட்ட சவ்வுகளை லட்சக்கணக்கில் அடுக்கிவிடலாம். லிப்பிட் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அதனால் வாலோடு வால் சேர்ந்து இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும். அந்த இரண்டு வரிசைக்குள் குறுக்கே செருகி நிற்பவைதான் சவ்வுப் புரதங்கள். உப்பை உள்ளே விடுவது, மருந்தை வெளியே தள்ளுவது, வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே சொல்வது எல்லாம் இவற்றின் வேலை. இன்று கடையில் விற்கும் மருந்துகளில் பாதிக்கு மேல் வேலை செய்வது இவற்றின் மேல்தான்.

செல்லுக்குள் வைத்தே பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரே இரைச்சல். ஆயிரம் புரதம் ஒன்றை ஒன்று இழுக்கும், எது எதனால் நடந்தது என்று சொல்ல முடியாது. சவ்வை உரித்துத் தனியே எடுத்தாலோ, தண்ணீரில் புரதம் சுருண்டு கட்டி தட்டிவிடும். அதனால்தான் நமக்கு வேண்டிய லிப்பிடில் நாமே ஒரு சவ்வு செய்து, வேண்டிய ஒரே புரதத்தை ஏற்றி, கண்ணாடி மேல் விரிக்கிறோம். தட்டையாக இருப்பதால் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு மூலக்கூறாகப் பார்க்கலாம், மேலிருந்து மருந்து ஊற்றலாம், கழுவலாம்.

"கொழுமியம்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு லிப்பிட் என்றே வாயில் வருகிறது, மன்னியுங்கள்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சாட்ஸ்வொர்த் | புதன் காலை 8.30

புரிந்தது அம்மா. கட்டிடத்துக்குள் ஓடும் எறும்பை ஒரு வெள்ளைத் தாளில் விட்டுப் பார்ப்பதுபோல. "ஈரடுக்கு" என்று எழுதினால் மூன்று எழுத்தும் மிச்சம், தமிழும் மிச்சம்.

---

நேனோ_நாகப்பன் | பிரிட்டோரியா | புதன் பகல் 1.10

அந்த எறும்பு தாளில் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் ஐயா இங்கே தகராறே.

கடுமையாகச் சொல்கிறேன். கண்ணாடி மேல் சவ்வு என்பது பெரும்பாலும் கண்ணாடியைப் பற்றிய ஆராய்ச்சி. புரதத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் வேண்டும், இங்கே ஒரு பக்கம் சுவர். நேனோடிஸ்க் (புரதப் பட்டை கட்டிய குட்டிச் சவ்வு வில்லை) இருக்கிறது, பெரிய குமிழ்கள் இருக்கின்றன. 2026இல் எதற்கு இந்த வம்பு?

---

உம்லாஸ்_காற்று | டர்பன் | புதன் பகல் 1.45

வம்பு என்று தள்ளிவிடாதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவில் காசநோய்க்கு பெடாகுவிலின் கொடுக்கிறார்களே, அது பிடிப்பது ஏடிபி சின்தேஸ் என்ற சவ்வுப் புரதத்தைத்தான். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஊசியை விட்டு அந்த மாத்திரைக்கு நாடு மாறியது 2018இல். என் அத்தை ஊசி போட்டுக் காது மந்தமானவர். அவருக்கு அப்போது அது கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட மருந்தெல்லாம் இந்த மாதிரிச் சவ்வு ஆராய்ச்சியில் வந்ததுதானே?

---

நேனோ_நாகப்பன் | பிரிட்டோரியா | புதன் பகல் 2.20

அத்தையின் விஷயம் வருத்தமானது. அந்த ஊசிகள் பலருடைய காதைக் கெடுத்தவை. ஆனால் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும். பெடாகுவிலினின் இலக்கு தெரிந்தது கண்ணாடி மேல் விரித்த சவ்வில் இல்லை. மருந்துக்கு அசையாத கிருமிகளை வளர்த்து, அவற்றின் மரபணுவில் எது மாறியிருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 2005இல் வெளிவந்தது. சவ்வுப் புரதம் முக்கியம் என்பது வேறு, இந்த உத்தி முக்கியம் என்பது வேறு. நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இரண்டையும் குழைத்து எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

---

மேசைமலை | கேப்டவுன் | புதன் மாலை 5.50

நாகப்பன் சொன்னதில் பாதி சரி. இந்த உத்தி எங்கே ஜெயித்தது என்று பார்த்தால் எங்கே தோற்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஜெயித்த இடம் நோய் எதிர்ப்பு இயல். டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) ஒன்று எதிரே உள்ள செல்லைத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் புரதங்கள் வளையம் வளையமாக அடுக்கிக்கொள்வதை 1999இல் படம் எடுத்தார்களே, அதில் எதிரே இருந்தது செல்லே இல்லை, கண்ணாடி மேல் விரித்த சவ்வு. மெக்கானல் 1984இல் முதலில் செய்ததும் டி செல்லுக்காகத்தான்.

அதில் எப்படி ஓடியது? 1991இல் வந்த ஒரு வேலை இருக்கிறது, இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளை அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். எல்எஃப்ஏ-3 என்ற புரதம் இயற்கையிலேயே இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று சவ்வைத் துளைத்துக்கொண்டு மறுபக்கமும் எட்டிப் பார்க்கும். இன்னொன்று மேல் அடுக்கில் ஒரு கொழுப்பு நங்கூரத்தில் மட்டும் தொங்கும், கீழே ஒன்றுமில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கண்ணாடி மேல் விரித்தார்கள். நங்கூரம் போட்டது ஓடியது. துளைத்தது நின்றது. வெளியே தெரியும் பகுதி இரண்டுக்கும் ஒன்றேதான், தம்பி. நின்றதா ஓடியதா என்பதைப் பொறுத்து, வந்து தொட்ட செல் எவ்வளவு கெட்டியாக ஒட்டியது என்பதே மாறியது.

டி செல் ஆட்கள் அதன்பின் புத்திசாலித்தனமாக நங்கூரத்தோடே நின்றுகொண்டார்கள். துளைக்கும் புரதத்தோடு மல்லுக்கட்டும் நாம்தான் மாட்டிக்கொண்டோம்.

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | புதன் இரவு 9.30

மேசைமலை அண்ணா, கால் கதை அருமை. ஆனால் ஒன்று கேட்காமல் விட்டுவிட்டோம்.

தம்பி, அந்தச் சிவப்பு ஃபிராப் எந்த மாதிரியில் எடுத்தது? புரதம் ஏற்றிய மாதிரியிலா, வெறும் லிப்பிடிலா?

---

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | புதன் இரவு 9.52

வெறும் லிப்பிடில், அக்கா. புரத மாதிரியில் சிவப்பு போடவில்லை. பச்சையும் சிவப்பும் கலந்து குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | புதன் இரவு 10.20

அப்படியானால் உன்னிடம் சவ்வே இல்லாமல் இருக்கலாம்.

குமிழ் கண்ணாடியில் ஒட்டுவது ஒரு படி, ஒட்டியது உடைந்து விரிவது அடுத்த படி. சுத்தமான பிஓபிசி குமிழ் சிலிக்கா, மைக்கா, கண்ணாடி மேல் தானாக உடையும். தங்கம், டைட்டானியம் ஆக்சைடு மேல் சாதாரணமாக உடையாது, முழுசாக உட்கார்ந்துவிடும். புரதம் நிறைய ஏற்றிய குமிழும் பல சமயம் கண்ணாடி மேலேயே அப்படித்தான் செய்யும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் லிப்பிடைக் கண்ணாடியை நெருங்க விடாது. 100 நேனோமீட்டர் குமிழ்கள் நெருக்கமாக உட்கார்ந்தால் உன் மைக்ரோஸ்கோப்புக்கு அது ஒரே சீரான பச்சைத் தரைதான். ஆனால் ஒரு குமிழிலிருந்து அடுத்ததற்குப் புரதம் தாவாது. அதனால் கருக்கியது கருப்பாகவே நிற்கும். கால் ஊன்றினாலும் அதே படம், குமிழ் உடையாவிட்டாலும் அதே படம்.

க்யூசிஎம்-டி கருவி (அதிரும் படிகத்தின் மேல் படிவதன் எடையையும் மெதுமெதுப்பையும் அதிர்விலிருந்து அளப்பது) கைக்கு எட்டினால் சந்தேகமே இல்லை. 5 மெகாஹெர்ட்ஸ் சிலிக்கா படிகத்தில், குமிழ் ஒட்ட ஒட்ட அதிர்வெண் கீழே இறங்கும், உடைய ஆரம்பித்ததும் உள்ளே இருந்த தண்ணீர் போய் மேலே ஏறி, −26 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். அதிர்வு இழப்பு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இறங்கியது ஏறவே இல்லை, இழப்பும் உயர்ந்தே நிற்கிறது என்றால் குமிழ் முழுசாக இருக்கிறது. கருவி இல்லையென்றால் புரத மாதிரியிலேயே சிவப்பு லிப்பிடும் போட்டு இரண்டு நிறத்துக்கும் ஃபிராப் எடு. சிவப்பு ஓடி பச்சை நின்றால் மேசைமலை அண்ணா சொன்ன கால். இரண்டுமே நின்றால் குமிழ்.

நான் இதே தப்பில் நான்கு மாதம் போக்கினேன். ஒரு போஸ்டர் கூடப் போட்டுவிட்டேன், "புரதத்தின் அசைவின்மை" என்று. ஒருவர் வந்து நின்று பார்த்து, நான் உன்னைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

---

உம்லாஸ்_காற்று | டர்பன் | வியாழன் காலை 7.40

இடையில் ஒரு சின்ன வார்த்தை. கவர்ஸ்லிப்பை எதில் கழுவுகிறாய்? பிரானா என்றால் கந்தக அமிலமும் பெராக்சைடும் கலந்த பாட்டிலை ஒருநாளும் இறுக மூடாதே, அருகில் அசிட்டோன் வைக்காதே. நான் வேலை பார்த்த ஒரு லேபில் கழிவு பாட்டிலை யாரோ மூடி வைத்துவிட்டுப் போக, ராத்திரி வெடித்து ஃப்யூம் ஹுட் கதவே போனது. ஆள் இல்லாத நேரம், பிழைத்தோம். யூவி-ஓசோன் பெட்டி இருந்தால் அதுவே போதும்.

அப்புறம் டர்பன் ஈரத்தில் லிப்பிடைப் பொடியாக வாங்காதே, தண்ணீர் இழுத்துப் பிசுபிசுத்துவிடும், எடை தப்பும். குளோரோஃபார்மில் கரைத்ததை வாங்கி கண்ணாடிக் குப்பியில் வை. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் பிளாஸ்டிக்கில் இருப்பதெல்லாம் கரைந்து லிப்பிடோடு சேரும்.

---

நேனோ_நாகப்பன் | பிரிட்டோரியா | வியாழன் காலை 9.15

பஃபரையும் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஓட விட்டால், மேடையில் சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழியாக வரும். ஒரு காற்றுக் குமிழி சவ்வு மேல் உருண்டால் போதும், போன வழியெல்லாம் துடைத்துவிடும். 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, பம்ப் நின்று திரும்ப ஓடும்போது ஒரு காற்றுக் குமிழி உள்ளே வரும். திரையில் கருப்பாக ஒரு பாதை வெட்டிக்கொண்டு போவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் நேனோடிஸ்குக்கு மாறினேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | வியாழன் காலை 9.21

நம்புகிறேன். அறிவியல் காரணம் அப்புறம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

---

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | அடுத்த வாரம், வெள்ளி இரவு 11.30

அக்கா, சிவப்பும் நிற்கிறது. இரண்டும் கல் மாதிரி. மூன்று வாரமாக நான் பார்த்தது சவ்வே இல்லை. வழிகாட்டியிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "புரதம் சாகவில்லை போலிருக்கிறது" என்றார்.

இப்போது உடைப்பது எப்படி?

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | சனி காலை 8.00

முதலில் புரதத்தைக் குறை. ஏற்றும்போது எவ்வளவு போட்டாயோ அதில் பத்தில் ஒரு பங்கு போதும். உனக்கு வேண்டியது வெளிச்சம்தானே, கூட்டம் இல்லையே. அப்புறம் புரதக் குமிழோடு வெறும் பிஓபிசி குமிழையும் கலந்து ஊற்று. வெறும் குமிழ் உடையும்போது அதன் விளிம்பு பக்கத்தில் இருப்பதையும் இழுத்து உடைக்கும். பஃபரில் 2, 3 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர். குமிழின் உள்ளே இருப்பதைவிட வெளியே உப்பு வேறுபட்டால் இறுக்கம் கூடி உடைவது சுலபமாகும், அதையும் முயன்று பார்க்கலாம். ஒன்றும் நடக்காவிட்டால், ஹெபடைடிஸ் சி வைரஸின் ஒரு புரதத்திலிருந்து எடுத்த ஏஎச் பெப்டைட் இருக்கிறது. தங்கம் மேல் உட்கார்ந்த குமிழையே உடைக்கும். விலைதான் கொஞ்சம் கடி.

டிடிஎம் முழுக்கப் போயிற்றா என்றும் பார். 0.17 மில்லிமோலாரிலேயே மைசெல் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகளின் சிறு உருண்டை) கட்டிக்கொள்ளும், டயாலிசிஸில் சுலபமாகப் போகாது. மணிகளைப் புதிதாக இரண்டு தடவை மாற்று.

---

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 10.05

விரிந்துவிட்டது! புரதத்தைக் குறைத்து, வெறும் குமிழ் கலந்து, கால்சியம் போட்டதும் சிவப்பு முழுதாக நிறைகிறது. பச்சை சுமார் 40 சதவீதம் திரும்புகிறது, மீதி நிற்கிறது. மேசைமலை அண்ணா, உங்கள் கால் இப்போதுதான் வருகிறது போல.

---

மேசைமலை | கேப்டவுன் | அன்றே இரவு 10.40

வந்தே ஆக வேண்டும். ஆனால் 40 ஏன் ஓடுகிறது என்று கேள். குமிழில் ஏற்றும்போது உன் புரதம் ஒரே பக்கம் பார்த்து உட்காராது. சிலது காலைக் கீழே விடும், சிலது தலைகீழாக நின்று காலை மேலே நீட்டும். மேலே நீட்டியதற்குக் கண்ணாடி இடைஞ்சல் இல்லை. ஓடுகிற 40 அதுதானா? ஜிஎஃப்பிக்கும் புரதத்துக்கும் நடுவே வெட்டும் இடம் எதுவும் வைத்திருக்கிறாயா?

---

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | அன்றே இரவு 10.44

டெவ் புரோட்டியேஸ் என்ற புரதம் வெட்டும் என்சைமுக்கான இடம் இருக்கிறது. சுத்திகரிக்க வைத்தது, பயன்படுத்தவே இல்லை.

---

மேசைமலை | கேப்டவுன் | அன்றே இரவு 10.51

அதை மேலிருந்து ஊற்று. டெவ் 27 கிலோடால்டன், சவ்வில் ஓட்டை இல்லாவிட்டால் கீழே நுழையாது. மேலே நிற்கும் ஜிஎஃப்பியை மட்டும் வெட்டிவிடும். கழுவிவிட்டு மிச்சமிருப்பதை ஃபிராப் எடு.

---

ஃபீனிக்ஸ்_பையன் | டர்பன் | ஐந்து நாள் கழித்து, மாலை 6.15

பச்சை பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. மிச்சம் இருந்ததில் ஒன்றுகூட அசையவில்லை. மூன்று கவர்ஸ்லிப், மூன்றிலும் அப்படியே.

---

நேனோ_நாகப்பன் | பிரிட்டோரியா | அன்றே மாலை 7.00

நல்ல வேலை தம்பி, சும்மா சொல்லவில்லை. ஓடுகிறவற்றின் கால் மேலே இருப்பதால் நீ ஊற்றும் ஏடிபி அவற்றுக்கு எட்டும். ஏடிபி உடைகிறதா என்று இந்தச் சவ்வில் அளக்கலாம். ஆனால் அது எதையாவது கடத்துகிறதா என்று மட்டும் அளக்கப் போகாதே. கீழே இருப்பது 2 நேனோமீட்டர் தண்ணீர். அங்கே தள்ளினாலும் இடமில்லை, அங்கிருந்து எடுத்தாலும் உடனே தீர்ந்துவிடும். அதற்குக் குமிழ்தான். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

மேசைமலை | கேப்டவுன் | அன்றே மாலை 7.30

இதில் சண்டை இல்லை. காலைக் கீழே விட்ட 60ஐயும் ஓட வைக்க வேண்டுமென்றால் பெக்2000 ஒட்டிய லிப்பிடை ஒன்றிரண்டு சதவீதம் கலந்து பார். அதிகம் போட்டால் குமிழ் உடையாது, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்துவிடுவாய்.

---

தங்கச்சுரங்கம் | ஜோஹன்னஸ்பர்க் | அன்றே இரவு 8.10

பெக் லிப்பிட் என்னிடம் பிரிக்காத ஒரு குப்பி இருக்கிறது. அடுத்த சனி ஒரு கல்யாணத்துக்கு டோங்காட் வருகிறேன், ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்து வருகிறேன். மண்டபத்து வாசலில் வந்து வாங்கிக்கொள். சாப்பிட்டுவிட்டுப் போ.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சாட்ஸ்வொர்த் | அன்றே இரவு 9.00

அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருக்கிறது. ஐஸ் பெட்டியைப் பாயசப் பக்கம் வைத்துவிடாதே அம்மா.